மஸ்டாங் ஜிடி 10 கியர் ஆட்டோமேட்டிக்: அன்றாடக் காரில் கால் மைல் ஓட்டம்

2018 முதல் 2023 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு மஸ்டாங் ஜிடியை, அதிலும் 10 கியர் ஆட்டோமேட்டிக்கை, ஷோரூமில் வாங்கியபடியே டிராக் ஸ்ட்ரிப்புக்கு (நேர்கோட்டில் வேகம் பார்க்கும் பந்தயத் தளம்) ஓட்டிப் போகலாம். 402 மீட்டர் கால் மைலை 12 விநாடி சொச்சத்தில் ஓடிவிட்டு அதே காரில் வீடு திரும்பி, மறுநாள் வேலைக்கும் போகலாம். இவ்வளவு எளிதாக இரண்டு வேலையும் பார்க்கும் கார்கள் குறைவு. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. எஞ்சின் கொடுக்கும் வலுவைத் தரையில் இறக்க அதன் பின் டயர்களால் முடியவில்லை. எக்ஸாஸ்ட், ஏர் இன்டேக் என்று காசை இறைக்கும் முன் பின் டயர் வாங்குங்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான்.

(இந்தியாவில் 2016-ல் விற்பனைக்கு வந்த ஜிடியில் இருப்பது பழைய 6 கியர் ஆட்டோமேட்டிக். கீழே வரும் கியர் கணக்குகள் அதற்குப் பொருந்தாது.)

டயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் முதல் கியரின் கணக்கு. 10ஆர்80 என்ற இந்த 10 கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியரின் விகிதம் 4.696. பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் என்ற விருப்பத் தொகுப்பு உள்ள வண்டியில் பின் அச்சு விகிதம் 3.55. இரண்டையும் பெருக்கினால் 16.67. எஞ்சினின் 570 நியூட்டன் மீட்டர் (2022, 2023 வண்டிகளில் 556) முறுக்குவிசை ஏறக்குறைய 17 மடங்காகிப் பின் சக்கரங்களுக்கு வருகிறது. புறப்படும் கணத்தில் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) தன் பங்குக்குச் சேர்க்கும் பெருக்கம் இதில் அடங்கவில்லை. 275/40 ஆர்19 அளவுள்ள சாலை டயர் இதைத் தாங்காது, சுழலத்தான் செய்யும். 3.15 அச்சு உள்ள வண்டியிலும் பெருக்குத்தொகை 14.8 வந்துவிடுவதால், அச்சு விகிதத்தை மாற்றச் சொல்லும் யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

டயர் தேர்வில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓட்ட அனுமதியுள்ள டிராக் ரேடியல், அதாவது இந்தப் பந்தயத்துக்கென்றே செய்த பிடி அதிகமுள்ள டயர்தான் அன்றாடக் காருக்குச் சரி. மிக்கி தாம்ப்ஸன் இடி ஸ்ட்ரீட் எஸ்/எஸ், நிட்டோ என்டி555ஆர் இரண்டும் இந்த வகை. (அந்த மிக்கி தாம்ப்ஸன்தான் 1960-ல் பானவில் உப்புத் தரையில் மணிக்கு 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர்.) 305/45 ஆர்17 அளவை எடுத்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 706 மில்லிமீட்டர் வரும். தொழிற்சாலை 275/40 ஆர்19-இன் விட்டம் 703. இந்த நெருக்கம் தற்செயலாக அமைந்தாலும் பெரிய வசதி. முன், பின் சக்கரங்களின் சுழற்சி வேகம் ஒத்துப்போவதால் ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் குழம்பாது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. 19 அங்குலத்திலிருந்து 17-க்கு இறங்குவதால் டயரின் பக்கச்சுவர் உயர்கிறது. புறப்படும்போது அந்தச் சுவர் மடிந்து கொடுத்தால்தான் ரப்பர் தரையைப் பற்றும். உயரம் குறைந்த பக்கச்சுவர் அதிர்ச்சியை அப்படியே தரைக்குக் கடத்திப் பிடியை விட்டுவிடும்.

ரிம் 10 அங்குல அகலம் போதும். பின் பிரேக்குக்கு மேல் 17 அங்குல ரிம் ஏறும் என்றாலும், பணம் கட்டுமுன் ஒன்றை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். முன்பக்கத்தில் கை வைக்க வேண்டாம். பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜின் 6 பிஸ்டன் பிரெம்போ காலிப்பருக்கு மேல் சாதாரண 17 அங்குல ரிம் ஏறாது. கால் மைலின் முடிவில் மணிக்கு 190 கிலோமீட்டரில் வரும் வண்டியை நிறுத்தப்போவதும் அந்தக் காலிப்பர்தான்.

வீல் நட்டுகளுக்கு முறுக்கம் 204 நியூட்டன் மீட்டர், அதாவது 150 பவுண்டு-அடி. பழைய மஸ்டாங்குக்கு 100 போதும் என்று பழகியவர்கள் இங்கே குறைவாக முறுக்கிவிடுகிறார்கள். நட்டு ஸ்டட்டில் ஏறியிருக்கும் மரை, ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி. இங்கே ஸ்டட் 14 மில்லிமீட்டர். வெளிச்சந்தை ரிம்மின் தட்டு தடிமனாக இருந்தால் மரை குறைந்துவிடும், எண்ணிப் பாருங்கள். புது ரிம் மாட்டிய பின் 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருமுறையும், ஸ்ட்ரிப்பில் முதல் ஓட்டத்துக்கு முன் ஒருமுறையும் டார்க் ரெஞ்ச் போடுங்கள்.

எரிபொருளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபோர்டு சொல்லும் 460 குதிரைத்திறன் (2022, 2023 வண்டிகளில் 450) 93 ஆக்டேன் பெட்ரோலுக்கானது. அமெரிக்க பம்பில் எழுதியிருப்பது ரான், மான் என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரி. நம் ஊர் ரான் கணக்கில் அது 97, 98 பக்கம் வரும். 12:1 அழுத்த விகிதம் உள்ள எஞ்சினில் 87 ஊற்றினால் எஞ்சின் தட்டலை உணரும் நாக் சென்சார் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும், வலு குறையும். ஊற்றிய பின் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் பழைய பெட்ரோல் தீர்ந்து கணினி புதியதற்குப் பழகும். அதனால் முந்தின நாளே 93-க்கு மாறிவிடுங்கள். டேங்க் கொள்ளளவு 60 லிட்டர், நிறைந்தால் பெட்ரோல் மட்டும் 45 கிலோ. கால் டேங்குடன் போனால் 30 கிலோவுக்கு மேல் மிச்சம். அதற்கும் கீழே இறக்கினால், புறப்படும் உந்தலில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்ச வாய்ப்புண்டு. 45 கிலோ குறைத்தால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது ஸ்ட்ரிப்காரர்களின் பொதுக் கணக்கு. டிக்கியில் கிடப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். சீட்டைக் கழற்றும் அளவுக்குப் போகத் தேவையில்லை.

ஓடுமுன் ஸ்ட்ரிப்பில் நடக்கும் டெக் பரிசோதனையில் இந்தக் கார் மாட்டுவது அபூர்வம். பார்ப்பது பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, ஒழுகல் உண்டா, டயரில் கம்பி தெரிகிறதா, சீட் பெல்ட் சரியா என்பதைத்தான். ஹெல்மெட் மட்டும் மறக்காதீர்கள். 13.99 விநாடிக்குள் ஓடும் எவருக்கும் அது கட்டாயம், இந்த ஜிடி முதல் ஓட்டத்திலேயே அந்த வரம்புக்குள் வந்துவிடும். ஹெல்மெட்டின் பாதுகாப்புத் தரத்தைச் சொல்லும் ஸ்னெல் முத்திரை உள்ளேயே ஒட்டியிருக்கும், ஆண்டைப் பாருங்கள். பழைய தலைமுறை முத்திரையைத் திருப்பி அனுப்புவார்கள். முழுக்கால் பேன்ட், கை மூடிய சட்டை, மூடிய ஷூ. கன்வெர்டிபிள் வைத்திருப்பவர்கள் கிளம்புமுன் ஸ்ட்ரிப்புக்கு ஃபோன் போட்டு ரோல் பார் விதியைக் கேட்டுவிடுங்கள், கூரை மடியும் கார்களிடம் கூடுதல் கண்டிப்பு உண்டு. டிரைவர் பக்க மிதியடியை எடுத்து டிக்கியில் போடுங்கள். ஆக்சிலரேட்டருக்கு அடியில் அது சுருண்டால் ஆபத்து.

வரிசையில் நிற்கும்போதே ஏசியை அணைத்துவிட வேண்டும். ஏசி நீர் சொட்டினால் உங்களுக்குப் பின்னால் வருபவரின் டயருக்கு அடியில் ஈரம் கிடக்கும். இதில் அலட்சியம் காட்டுபவர்கள் மேல் ஸ்ட்ரிப்காரர்கள் கோபப்படுவது முழுக்க நியாயம்.

ஓடுமுன் பின் டயரைச் சுழற்றிச் சூடேற்ற இந்தக் காரில் உள்ள பெரிய வரம் லைன் லாக். ஸ்டீயரிங் பொத்தான்களால் ட்ராக் ஆப்ஸ் மெனுவுக்குள் போய், பிரேக்கை ஓங்கி மிதித்து, ஓகே அழுத்தினால் முன் பிரேக் மட்டும் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்துவிட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின் சக்கரம் மட்டும் சுழலும். பழைய கார்களில் இதற்கென்று சோலினாய்டு வாங்கி பிரேக் குழாயில் இணைக்க வேண்டியிருந்தது. டிராக் ரேடியல் போட்டிருந்தால் புறப்படும் கோட்டுக்கு முன்னால் உள்ள நீர்த்தொட்டியில் டயரை நனைத்து, தண்ணீரைத் தாண்டி வெளியே வந்து, 3-ஆம் கியரில் மூன்று நான்கு விநாடி சுழற்றுங்கள். மெல்லிய புகை வந்ததும் போதும். கூட்டம் கைதட்டுகிறது என்று நீட்டினால் ரேடியல் அளவுக்கு மீறிச் சூடேறி வழுக்கத் தொடங்கும். சாலை டயரோடு போனால் நீர்த்தொட்டிக்குள் இறங்கவே இறங்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். ஆழமான பள்ளங்கள் உள்ள டயர் தண்ணீரை ஏந்திக்கொண்டு வரும், மட்கார்டில் தெறித்தது புறப்படும் கோட்டில் வந்து சொட்டும். ஒரு விநாடி சுழற்றி ஒட்டிய கல்லையும் தூசியையும் உதறினால் போதும்.

காற்றழுத்தம்: டிராக் ரேடியலுக்கு 20 பிஎஸ்ஐயில் தொடங்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்று குறைத்து 17 வரை பார்க்கலாம். சாலை டயருக்கு 26. முன் டயர்களில் உருளும் தடை குறைய 40 வரை ஏற்றலாம், பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். அளப்பது எப்போதும் ஒரே கேஜில் இருக்கட்டும், கேஜுக்கு கேஜ் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் சாதாரணம்.

இனி புறப்பாடு. டிரைவ் மோடில் டிராக் ஸ்ட்ரிப்பைத் தேர்ந்தெடுங்கள். கியர் மாறும் இடைவெளியில் எஞ்சின் வலுவை விடாமல் வைத்திருப்பதுதான் இந்த மோடின் வேலை, அதை அருமையாகச் செய்கிறது. கையால் கியர் மாற்றி இதை முந்த முடியாது, விட்டுவிடுங்கள். 3.55 அச்சு உள்ள வண்டி முடிவுக் கோட்டை 6-ஆம் கியரில் கடக்கும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடலாம். ரேடியலில், இடது கால் பிரேக்கில் இருக்க 2,000 ஆர்பிஎம் வரை ஏற்றி, கடைசி மஞ்சள் விளக்கில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். பிரேக்கை மிதித்தபடி ஆர்பிஎம் ஏற்றி நிற்பது இரண்டு விநாடியைத் தாண்டினால் கியர்பாக்ஸ் எண்ணெய் வெந்துபோகும். சாலை டயரில் 1,200-க்கு மேல் வேண்டாம். முதல் அரை விநாடி பாதி மிதி, பிறகு மெதுவாக முழு மிதி.

புதிதாக வருபவர்கள் பச்சை விளக்கைத் துரத்திப் பதறுகிறார்கள். கடிகாரம் ஓடத் தொடங்குவது பச்சை எரியும்போது இல்லை, உங்கள் முன் டயர் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போது. நேரம் பார்க்க மட்டும் வந்திருந்தால் பச்சை எரிந்து ஒரு விநாடி கழித்துக் கிளம்பினாலும் நஷ்டமில்லை. கோட்டில் வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும் ஸ்டேஜ் விளக்குகளில் இரண்டாவது எரிந்த கணமே வண்டியை நிறுத்துங்கள். மேலும் உள்ளே ஊர்ந்தால், கடிகாரம் தொடங்குமுன் கிடைக்கும் அந்தச் சில அங்குல இலவச ஓட்டம் போய்விடும்.

ஓடி முடித்ததும் தரும் சீட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது 60 அடி நேரம், அது பிடியைச் சொல்லும். இரண்டாவது முடிவு வேகம், அது எஞ்சின் வலுவைச் சொல்லும். 118 மைல் வேகம், 12.6 விநாடி, 60 அடி 2.1 என்று வந்தால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, டயர் சுழன்றிருக்கிறது. 60 அடியில் குறைக்கும் ஒவ்வொரு 0.1 விநாடியும் முடிவில் சுமார் 0.15 விநாடியாகத் திரும்பி வரும். 2.1-ஐ 1.75 ஆக்கினால் அதே எஞ்சின் 12.1 ஓடும். எக்ஸாஸ்ட் மாற்றி இந்த அரை விநாடியை வாங்க முடியாது. மாறாக, வேகமே 113, 114 என்று விழுந்தால் பெட்ரோலையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள்.

சூடு இந்த எஞ்சினை உண்மையாகவே பாதிக்கிறது. ஓடியவுடன் மறுபடி வரிசையில் நின்றால் இன்டேக் கொதித்துக் கிடக்கும், கணினி ஸ்பார்க்கைக் குறைக்கும். பானெட்டைத் திறந்து வைத்து 30 நிமிடம் ஆறவிடுங்கள். எஞ்சினை முழுக்கக் குளிரவைக்க வேண்டியதில்லை, எண்ணெய் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும்.

அடுத்து இந்தக் காரின் பலவீனம். பின் சஸ்பென்ஷன் தனித்தனி வகை, அதைத் தாங்கும் சப்ஃபிரேம் பெரிய ரப்பர் புஷ்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிடி பாதியில் விட்டு விட்டு வரும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு விடுபட, பின்பக்கம் தடதடவென்று குதிக்கும். வீல் ஹாப் என்பது இதுதான். உணர்ந்த கணமே ஆக்சிலரேட்டரை விட வேண்டும், சமாளித்து ஓட்டிவிடலாம் என்று மிதித்துக்கொண்டே இருப்பவர்கள்தான் பின் சக்கரத்துக்கு வலுவைக் கொண்டுபோகும் ஹாஃப் ஷாஃப்டை உடைக்கிறார்கள். சப்ஃபிரேம் புஷ்களுக்கு இடையே இறுக்கும் லாக்அவுட் கிட் போட்டால் பெரும்பாலும் அடங்கும். டயருக்கு அடுத்த செலவு இதற்குத்தான் போக வேண்டும். மேனுவல் கியர்பாக்ஸ் வண்டியில் கிளட்ச் சட்டென்று கடிப்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கியர்பாக்ஸ் சாதாரண சாலையிலேயே இடித்து இடித்து மாறினால் அந்த வண்டியை ஸ்ட்ரிப்புக்குக் கொண்டு வராமல் முதலில் சர்வீஸில் காட்டுங்கள். பந்தய ஓட்டத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி கேட்க முடியாது.

கிளம்புமுன் நான்கு டயர்களிலும் கதவுப் பட்டையில் உள்ள அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருந்தால் பெட்ரோல் பங்கைத் தேட வேண்டாம். 17 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் ஏறினால் பக்கச்சுவர் கொதித்து டயர் கிழியும். மழை வரும்போலத் தெரிந்தால் ஜாக்கியை எடுத்து அங்கேயே சாலை டயர்களை மாட்டிவிடுங்கள். சாலை அனுமதி இருந்தாலும் டிராக் ரேடியலில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு, தேங்கிய நீரில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டாலே பின்பக்கம் மிதக்கத் தொடங்கும். மாட்டியதும் நட்டுகளுக்கு மறுபடி 204 நியூட்டன் மீட்டர்.