விலை குறைந்த கார் சீட்டைத்தான் வாங்கினோம்: 14 மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன்

பிறக்கும் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் காரில் கொண்டுவரும் முதல் பயணத்துக்கே குழந்தை சீட் வேண்டும் என்பதால், எட்டாம் மாதத்திலேயே தேட ஆரம்பித்துவிட்டோம். தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சீட்டில் ஒன்றின் விலை மற்றதைவிட மூன்று மடங்கு. விலை குறைந்ததை எடுத்தால் பிள்ளையின் உயிர் விஷயத்தில் கணக்குப் பார்க்கிறோமோ என்று மனசு உறுத்தும். அந்த உறுத்தலோடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது கடையில் இருந்தவற்றிலேயே கீழ்விலை வரிசையைச் சேர்ந்தது. பிறந்ததிலிருந்து 105 செ.மீ. உயரம் வரை பயன்படுத்தலாம், முதலில் காரின் பின்பக்கம் பார்த்தபடி, வளர்ந்த பிறகு முன்பக்கம் பார்த்தபடி. குழந்தை சீட்டை நேராக மாட்ட காரிலேயே இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கள் பழைய காரில் கிடையாது, அதனால் காரின் பெல்ட்டாலேயே கட்டக்கூடியதாகத் தேட வேண்டியிருந்தது. சீட் பிடித்துப்போனதும் முதலில் தேடியது அதன் பின்னால் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரை. அதில் ஆர்129 என்று இருந்தது. இது குழந்தை சீட்டுகளின் பாதுகாப்புக்காக 2013இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. விதி. முன்மோதல் சோதனை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நடக்கும், பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு (பழைய ஆர்44 விதியில் பக்கவாட்டுச் சோதனை இல்லை). இந்த ஸ்டிக்கர் உள்ள எந்த சீட்டும், விலை எதுவானாலும், அதே சோதனையைத் தாண்டித்தான் கடைக்கு வந்திருக்கிறது. கூடுதல் பணம் பெரும்பாலும் வாங்கித் தருவது சுழலும் அடிப்பாகம், மெத்தென்ற துணி, வெயில் மறைப்பு, இப்படிச் சில வசதிகளை. நல்லவைதான், ஆனால் அவை இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை.

கைப்பிடி வைத்த கூடை மாதிரி சீட்டும் பார்த்தோம். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் அப்படியே தூக்கிப் போகலாம், உண்மையிலேயே பெரிய வசதி அது. ஆனால் ஒரு வயதை ஒட்டி அது சின்னதாகிவிடும், அப்புறம் இன்னொன்று வாங்க வேண்டும். நாங்கள் ஒரே செலவில் முடிக்க நினைத்தோம்.

அக்கா தன் பையனுடைய பழைய சீட்டைத் தருகிறேன் என்றாள். சுத்தமாக, புதுசு மாதிரி இருந்தது. ஆனால் அந்த சீட் உள்ளே இருக்கும்போதே அவள் காரைப் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்திருந்தது. விபத்தில் பட்ட சீட்டின் பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வருத்தப்பட்டாள், பிறகு புரிந்துகொண்டாள். விபத்தே பார்க்காத, தயாரிப்புத் தேதி தெரிந்த, கையேடும் கூட இருக்கும் சீட் என்றால், அதுவும் நன்றாகத் தெரிந்தவரிடமிருந்து கிடைத்தால், தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

சரி, பொருத்துவதுக்கு வருகிறேன். விலையைவிட இதில்தான் கவனம் வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். முதல் நாள் நானும் கணவரும் ஒரு மணி நேரம் போராடினோம். அவர் முழங்காலை சீட்டுக்குள் ஊன்றி முழு எடையையும் போட, நான் காரின் பெல்ட்டை இழுத்து, அதை இறுக்கிப் பிடிக்கும் சீட்டின் பூட்டுப் பிடியை அழுத்தினேன். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கை நீளத்துக்கு அசைந்தது. கழற்றி மறுபடி கட்டினோம். மூன்றாவது தடவைதான் 2.5 செ.மீ.கூட அசையாமல் நின்றது. அதோடு முடியவில்லை. எங்கள் காரின் பின்சீட் உள்பக்கம் சரிந்திருப்பதால் குழந்தை சீட் நிமிர்ந்து நின்றது. அப்படி நிமிர்ந்தால் பச்சைக் குழந்தையின் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுப் பாதை அடைபடும். கையேடு அனுமதித்திருந்ததால் ஒரு துண்டைச் சுருட்டி சீட்டின் அடியில் கொடுத்தோம், சாய்வு காட்டும் கோடு சரியான இடத்துக்கு வந்தது. முடிந்தால் வாங்கும் முன்பே கடைக்கு உங்கள் காரைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

பின்பக்கம் பார்த்தபடி ஏன் என்று மாமியார் பலமுறை கேட்டார், பிள்ளை நம் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று. கைக்குழந்தையின் உடல் நீளத்தில் கால்வாசி தலைதான், கழுத்தோ இன்னும் பிஞ்சு. வண்டி முன்னால் மோதினால் பின்பக்கம் பார்த்த சீட்டில் முதுகு முழுவதும் அந்த அடியைத் தாங்கும், முன்பக்கம் பார்த்தால் கழுத்துதான் இழுபடும். ஆர்129 விதிப்படி 15 மாதம் வரை கட்டாயம் இப்படித்தான், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018இல் சொன்னது சீட்டின் அளவு இடம் கொடுக்கும் வரை திருப்பவே வேண்டாம் என்று. முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் அங்கே இப்படி வைக்கவே கூடாது.

குறைகளும் இருக்கின்றன. துணி முரடு, முதுகு வியர்த்துவிடுகிறது. உறையைக் கழற்றித் துவைத்து மாட்ட அரை மணி நேரம் ஆகும். குழந்தையைக் கட்டும் வார் அடிக்கடி முறுக்கிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் நீவிவிட வேண்டும். முன்னால் உட்காருபவர் இருக்கையை நன்றாக முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும், என் கணவர் உயரம் என்பதால் முழங்கால் இடிக்கிறது. சீட்டும் கனம், அடிக்கடி கார் மாற்றுபவர்களுக்கு இது சரிப்படாது.

வாரை மாட்டியதும் தோள் பக்கம் இரு விரலால் கிள்ளிப் பார்ப்பேன், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்குவேன். தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வார் போட்டு, அதன் மேல் போர்வை. வந்து சேர்ந்ததும், தூங்கினாலும் சரி, தூக்கிப் படுக்கையில் போட்டுவிடுவோம், சீட்டிலேயே தூங்க விடுவதில்லை.

இப்போது பையன் 78 செ.மீ. தலைக்கு மேல் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது. காலை மடக்கிக்கொண்டு பின்கண்ணாடி வழியாக வண்டிகளைப் பார்த்தபடி வருகிறான். திருப்பி வைக்க எங்களுக்கு அவசரமில்லை.