தமிழ்ப் பக்கங்களுக்கு எந்தச் சிறிய சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க், எந்த ரீசெட்: ஒரு மதிப்பீடு

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி சிஎஸ்எஸ்; அதில் ஆயத்தமாக எழுதித் தரப்படும் நடைக் கோப்புகளே ஃபிரேம்வொர்க்குகள். அவற்றுள் சிறியவற்றைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் கோப்பின் அளவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. மில்லிகிராம் 2 கிலோபைட், பியூர் ஏறத்தாழ மூன்றரை கிலோபைட், பிக்கோ 10 கிலோபைட்டை ஒட்டியது என்று சுருக்கிய அளவுகளை அடுக்கி, மிகச் சிறியதற்கு முதலிடம் தருவார்கள். பூட்ஸ்ட்ராப்பின் ஐந்தாம் பதிப்பு சுருக்குவதற்கு முன் 200 கிலோபைட்டைத் தாண்டுவதால், அதிலிருந்து விலகி வருபவருக்கு அளவு ஒரு நியாயமான கேள்விதான். ஆனால் சிறியவற்றுக்குள் இருக்கும் ஏழு எட்டு கிலோபைட் வேறுபாட்டைப் பக்கத்தில் இணைக்கும் ஒரே ஒரு எழுத்துருக் கோப்பு விழுங்கிவிடும். தமிழில் பக்கம் அமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கோப்பு வரியிடைவெளியையும் எழுத்திடைவெளியையும் படிவங்களின் எழுத்துருவையும் என்ன செய்கிறது என்பதை. இந்த மதிப்பீடு அந்த மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்டது.

எந்தக் கோப்பும் இணைக்காத வெறும் பக்கத்தில் உலாவி தன் சொந்த நடையைப் போடுகிறது. உடற்பகுதியைச் சுற்றி 8 பிக்சல் ஓரம், முதல் தலைப்புக்கு இரு மடங்கு எழுத்து, பட்டியல்களுக்கு இடப்பக்கம் 40 பிக்சல் உள்ளொதுக்கம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் கவனிக்கப்படாதது, பொத்தான்களும் உள்ளீட்டுப் பெட்டிகளும் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக ஏற்பதில்லை என்பது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அவை இயங்குதளத்தின் எழுத்துருவில், 13.333 பிக்சல் அளவில் நிற்கும். ஆங்கிலத்தில் சற்றுச் சிறிதாகத் தெரிவதோடு போய்விடும் இது, தமிழில் 'ண', 'ன', 'ழ' போன்ற வளைவு நிறைந்த எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் படிக்க வைக்கிறது. ஐஃபோனின் சஃபாரியோ 16 பிக்சலுக்குக் குறைவான உள்ளீட்டுப் பெட்டியைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கிக் காட்டுகிறது.

இந்த வேறுபாடுகளைச் சமன் செய்யவே ரீசெட் கோப்புகள் வந்தன. எரிக் மேயர் 2007-இல் வெளியிட்டு 2011 ஜனவரியில் இரண்டாம் பதிப்பாகப் புதுப்பித்த ரீசெட் இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது. ஓரம், உள்ளொதுக்கம், பட்டியல் குறி, மேற்கோள் குறி அனைத்தையும் அது நீக்கி, வரியிடைவெளியை 1 என்று வைக்கிறது. வரியிடைவெளி 1 என்றால், மேல் வரியில் 'து', 'ழு' ஆகியவற்றின் கீழ்விலங்கும், கீழ் வரியில் 'றி', 'வீ' ஆகியவற்றின் மேல்விலங்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மேயர் அதை ஒரு தொடக்கப் புள்ளியாகத்தான் தந்தார், இறுதி நடையாகத் தரவில்லை. ஆனாலும் அதை இணைத்துவிட்டு மேலே எதுவும் எழுதாமல் விடப்படும் பக்கங்கள் உண்டு. பட்டியல் குறிகளை ஒட்டுமொத்தமாக நீக்குவதிலும் ஒரு தீமை இருக்கிறது. குறி நீக்கப்பட்ட பட்டியலைச் சஃபாரி உலாவி வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பானுக்குப் பட்டியல் என்றே அறிவிப்பதில்லை. இன்று புதிதாகத் தொடங்கும் பணிக்கு மேயரின் ரீசெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிக்கோலஸ் கல்லாகரும் ஜோனதன் நீலும் உருவாக்கிய நார்மலைஸ் மாற்று வழியில் சென்றது. உலாவிகளின் நல்ல இயல்புகளை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களை மட்டும் திருத்துவது அதன் முறை. எந்த வரி எந்த உலாவிக்காக எழுதப்பட்டது என்பதைக் கோப்புக்குள்ளேயே குறித்து வைத்திருப்பதால் அதைப் படித்தே பலர் சிஎஸ்எஸ் கற்றிருக்கிறார்கள். அந்த வகையில் அதன்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் 8.0.1 என்ற அதன் கடைசிப் பதிப்பு 2018-இல் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான வரிகளை அது இன்னும் சுமக்கிறது. அந்தச் சுமையை இறக்கி, எல்லா உறுப்புகளுக்கும் பாக்ஸ்-சைசிங்கை, அதாவது ஒரு பெட்டியின் அகலத்தைக் கணக்கிடும் முறையை, சரியாக அமைத்து, சிந்த்ரே சோர்ஹுஸ் தரும் மாடர்ன்-நார்மலைஸ் அதற்கு நல்ல வாரிசு.

இவ்விரண்டிலும் தமிழ்ப் பக்கம் அமைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பக்கம் முழுமைக்கும் வரியிடைவெளி 1.15 என்று வைப்பதோடு, பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, தேர்வுப் பட்டியல் ஆகியவற்றுக்கும் அதே 1.15-ஐ இவை தனியே எழுதி வைக்கின்றன. எனவே உடற்பகுதிக்கு 1.7 என்று நீங்கள் மாற்றினாலும் அந்த மாற்றம் படிவத்துக்குள் போகாது. பத்திகள் காற்றோட்டமாக இருக்க, பல வரி எழுதும் பெட்டிக்குள் மட்டும் தமிழ் வரிகள் நெருக்கியடித்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஜாஷ் கோமோவின் ரீசெட் இங்கே தெளிவாக முன்னே நிற்கிறது. படிவ உறுப்புகள் அனைத்துக்கும் 'ஃபான்ட்: இன்ஹெரிட்' என்ற ஒரே வரியை அது எழுதுகிறது. அந்தச் சுருக்கெழுத்து, எழுத்துரு, அளவு, தடிமன் ஆகியவற்றோடு வரியிடைவெளியையும் பக்கத்திலிருந்து எடுத்து வருவதால், உடற்பகுதியில் ஒருமுறை சொன்னது படிவம்வரை செல்கிறது. பத்திகளிலும் தலைப்புகளிலும் இடம் போதாத நீண்ட சொற்களை உடைக்க அது அனுமதி தருகிறது. 'ஒருங்கிணைக்கப்பட்டுள்ளவற்றிலிருந்து' போன்ற சொற்கள் இயல்பாகவே பிறக்கும் மொழிக்கு, அலைபேசித் திரையில் பக்கம் பக்கவாட்டில் நழுவாமலிருக்க அந்த அனுமதி மிகவும் வேண்டியது. இதே காலத்தைச் சேர்ந்த ஆண்டி பெல்லின் ரீசெட் பல வகையிலும் நுட்பமானது. மேலே சொன்ன பட்டியல் சிக்கலைக்கூட அது கருத்தில் கொண்டு, பட்டியல் என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்டவற்றுக்கு மட்டும் குறியை நீக்குகிறது. ஆனால் 2023-இன் திருத்தத்தில் தலைப்புகளுக்கும் பொத்தான்களுக்கும் 1.1 என்ற வரியிடைவெளியை அது விதிப்பதால், அதை எடுத்துக்கொள்பவர் அந்த விதியை முதல் வேலையாக மாற்ற வேண்டும்.

ஃபிரேம்வொர்க்குகளுக்கு வருகிறேன். முழு நடையும் ஆயத்தமாக வேண்டும், ஆனால் எச்டிஎம்எல்லில் நடையைப் பொருத்துவதற்கான கிளாஸ் பெயர்களை நிரப்பக் கூடாது என்பவருக்குப் பிக்கோ முதல் தேர்வு. 2024-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் கிளாஸ் இல்லாத தனிக் கோப்பு ஒன்றும் உண்டு. பொருள் பொருந்திய எச்டிஎம்எல் எழுதினால் போதும். இருள் நிறத் தோற்றத்தையும் பயனரின் விருப்பப்படி தானே தருகிறது. இதன் வலிமை, எல்லா அளவுகளையும் சிஎஸ்எஸ் மாறிகளாக வைத்திருப்பது. வரியிடைவெளி மாறியை 1.5-இலிருந்து 1.7 ஆக்கினால், உள்ளீட்டுப் பெட்டியின் உயரமும் அதே மாறியிலிருந்து கணக்கிடப்படுவதால் பெட்டியும் சேர்ந்து உயர்கிறது. எழுத்தின் தலை வெட்டுப்படுவதில்லை. திரை அகலும்போது அடிப்படை எழுத்தளவைப் படிப்படியாக 16-இலிருந்து 21 பிக்சல்வரை உயர்த்தும் அதன் ஏற்பாடும் தமிழுக்கு நன்மையே. குறை தலைப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு தலைப்பு நிலைக்கும் அந்த மாறியை அது மீண்டும் எழுதுகிறது, முதல் தலைப்புக்கு 1.125 என்ற அளவில். இரண்டு வரிக்கு நீளும் தமிழ்த் தலைப்பு அந்த இடைவெளியில் மூச்சு முட்டும். பக்கம் முழுமைக்கும் மாற்றிய மாறி தலைப்புக்குள் எட்டாது என்பதால், தலைப்புகளுக்கு 1.4 என்று தனியே எழுத வேண்டியிருக்கிறது.

கெவ் குவர்க்கின் சிம்பிள்.சிஎஸ்எஸ் இன்னும் எளியது. பிக்கோவில் பாதிகூட வராது. கட்டுரை, குறிப்பேடு, ஆவணம் போன்ற ஒரே நெடுவரிசைப் பக்கங்களுக்காகவே அது செய்யப்பட்டது போல இருக்கும். 45 ரெம் (அடிப்படை எழுத்தளவின் 45 மடங்கு) அகலத்துக்குள் உரையை நடுவே நிறுத்தி, உடல் எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைக்கும் அதன் தீர்மானம் தமிழ் நெடுவாசிப்புக்குப் பொருந்துகிறது. மேல் மூன்று தலைப்பு நிலைகளுக்கும் அது வைக்கும் 1.1 பொருந்தவில்லை. அதைக் கூட்டியும் முதல் தலைப்பின் 3 ரெம் அளவைக் குறைத்தும் சரிசெய்துவிட்டால், வலைப்பதிவுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. வாட்டர்.சிஎஸ்எஸ்ஸும் இதே வகைதான். ஒரு நாள் செயல்விளக்கப் பக்கத்துக்குப் போதும். யாகூ 2013-இல் வெளியிட்ட பியூர், நார்மலைஸின்மேல் கட்டப்பட்டது. கட்டங்களுக்கான கிளாஸ்கள் உலாவியின் கிரிட் அமைப்பு பரவிய பிறகு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

ஸ்கெலிட்டனையும் மில்லிகிராமையும் தமிழ்ப் பக்கத்துக்கு எடுக்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன். ஸ்கெலிட்டன் 2014-க்குப் பிறகு புதிய பதிப்பைக் காணவில்லை. மில்லிகிராமின் நடை பெரிதும் அதையே பின்பற்றியது. இரண்டிலும் பொத்தானின் எழுத்து 11 பிக்சல், உயரம் அசையாத 38 பிக்சல், எழுத்துகளுக்கிடையே 1 பிக்சல் கூடுதல் இடைவெளி, வரி மடியக் கூடாது என்ற கட்டளை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நான்கைந்து எழுத்துச் சொல் அழகாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பகுப்பே இல்லாத நம் எழுத்துக்கு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கச் சொல்லும் அவற்றின் கட்டளையால் பயன் எதுவும் இல்லை. சிறுத்த அளவும் விலகிய எழுத்தும் மட்டும் மிஞ்சும். 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிய பொத்தான், வரி மடியாததால், சிறிய அலைபேசியில் தன் பெட்டியைவிட்டு வெளியே நீள்கிறது. தலைப்புகளிலோ எதிர்மறை இடைவெளியும் 300 என்ற மெல்லிய தடிமனும் சேர்ந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற பல தடிமன் கொண்ட எழுத்துருவில் கோடுகள் நூலாகி, எழுத்துகள் ஒன்றையொன்று தொடுகின்றன. இவற்றையெல்லாம் மாற்றி எழுதி முடிக்கும்போது அந்த 2 கிலோபைட்டில் நமக்கென்று எஞ்சுவது சொற்பம்.

சொந்த வடிவமைப்பு உள்ளவர்கள் கோமோவின் ரீசெட்டையோ மாடர்ன்-நார்மலைஸையோ எடுத்துக்கொள்ளலாம். பின்னதானால் படிவ உறுப்புகளுக்கு 'ஃபான்ட்: இன்ஹெரிட்' என்ற வரியைத் தாமே சேர்க்க வேண்டும். வடிவமைப்பாளர் இல்லாமல் படிவங்களும் அட்டவணைகளும் நிறைந்த பக்கம் அமைப்பவர்களுக்குப் பிக்கோ, எழுத்து மட்டுமே உள்ளவர்களுக்குச் சிம்பிள். எதை எடுத்தாலும் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இவற்றின் பட்டியல்களில் சீகோ, ரோபோட்டோ, ஹெல்வெட்டிகா போன்ற இலத்தீன் எழுத்துருக்களே நிற்கின்றன, தமிழ் எழுத்துரு எது என்பதை உலாவியின் தேர்வுக்கே விட்டுவிடுகின்றன. விண்டோஸுக்கு நிர்மலா, ஆப்பிளுக்குத் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மூன்று பெயர்களை அந்தப் பட்டியலில் பொதுப் பெயருக்கு முன்னால் சேர்த்துவிட்டு, அதன்பின் மூன்று கருவிகளிலும் ஒரு நீண்ட தலைப்பு, ஒரு பொத்தான், பல வரி எழுதும் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள்.