விசிட்டிங் கார்டு: கிளாஸியா, மேட்டா?

பளபளப்பான கிளாஸி லேமினேஷனில் நிறம் எடுப்பாகத் தெரியும், அதனால் கேக், பூ அலங்காரம் மாதிரி படத்தைக் காட்டி விற்கிற தொழிலுக்குச் சரி. ஆனால் விளக்குக்கு நேரே பிடித்தால் பளபளப்பில் 7 பாயின்ட் மாதிரிச் சின்ன எழுத்தில் இருக்கிற போன் நம்பரைப் படிக்கவே முடியாது, க்யூஆர் கோடும் சில சமயம் ஸ்கேன் ஆகாமல் அடம்பிடிக்கும், விரல் ரேகை வேறு. பளபளப்பில்லாத மேட் லேமினேஷனில் இந்தத் தொல்லை குறைவு. அடர்கறுப்புப் பின்னணி வைத்தால் மட்டும் பர்ஸில் உரசி உரசி வெள்ளைக் கோடு விழும்.

அடுத்த சந்திப்புத் தேதியைப் பின்பக்கம் எழுதித் தருகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் அந்தப் பக்கம் லேமினேஷனே வேண்டாம், கிளாஸியில் பால்பாயின்ட் மை பிடிக்காமல் இழுவிவிடும், மேட்டிலும் பெரிதாகத் தேறாது. ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்தால் அட்டை வளையலாம், அதனால் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) கனமான அட்டையாகக் கேளுங்கள். என் ஓட்டு மேட்டுக்குத்தான்.