பட்டியலா, சோதனையா, கிரியோலா?

மொரீஷியஸில் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் லிங்கிங் வெர்ப், அதாவது செயலைச் சொல்லாமல் எழுவாயை அது யார், எப்படி என்பதோடு சேர்க்கும் இணைப்பு வினை, எவை என்று கேட்டால் கடகடவென்று ஒப்பித்துவிடும்: ஆம், இஸ், ஆர், சீம், பிகம், லுக், ஃபீல், டேஸ்ட். மாலை லெசோனுக்கு, அதாவது டியூஷனுக்கு, வருகிறவர்களுக்கு நானும் முதலில் இந்தப் பட்டியலைத்தான் கொடுத்தேன். பலன்? ‘ஷி டேஸ்ட்ஸ் த ரசம்’ என்பதிலும் டேஸ்ட்ஸை இணைப்பு வினை என்று கோடு போட்டு வந்தார்கள். பட்டியலில் இருக்கிறதே! அவள் ரசத்தை ருசி பார்க்கிறாள், அது செயல் என்று பட்டியல் சொல்லாது.

‘இஸ்’ போட்டுப் பார்க்கும் சோதனை இதைவிட மேல். ‘த ரசம் டேஸ்ட்ஸ் குட்’ என்பதை ‘த ரசம் இஸ் குட்’ என்றாலும் பொருள் நிற்கும். ‘ஷி இஸ் த ரசம்’ என்றதும் வகுப்பே சிரிக்கும். சிரித்த பிள்ளை மறக்காது. ஆனால் ஓட்டை உண்டு. ‘ஷி சிட்ஸ் இன் த கிச்சன்’ என்பதிலும் இஸ் கச்சிதமாக உட்காரும். அதற்காக சிட் இணைப்பு வினை ஆகிவிடாது. பின்னால் வருவது எழுவாய் யார், எப்படி என்று சொல்கிறதா, வெறும் இடத்தைச் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: வீட்டு மொழியிலிருந்து தொடங்குவது. ‘அவள் ஆசிரியை’ என்பதில் வினையே இல்லை, பெயர்ப் பயனிலை என்று தமிழை வைத்துச் சொல்லலாம். ஆனால் இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தமிழ் பள்ளிப் பாடம், வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். நல்லவேளை, 2012 முதல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாகவும் இருக்கிற அந்தக் கிரியோலும் இதில் தமிழ் மாதிரிதான். ‘லி மலாட்’ என்றால் அவனுக்கு உடம்பு சரியில்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. ‘ஹி சிக்’ என்று நோட்டில் எழுதுவது கவனக்குறைவல்ல, வீட்டுப் பேச்சு. பிரெஞ்சு, ‘இல் ஏ மலாட்’ என்று ஆங்கிலம் போலவே நடுவில் வினை வைக்கும். ஆனால் வயது சொல்லும்போது அதுவே கவிழ்த்துவிடும்: பிரெஞ்சிலும் கிரியோலிலும் பன்னிரண்டு வயது ‘உடையவன்’. உடனே ‘ஐ ஹேவ் ட்வெல்வ் இயர்ஸ்’ வந்து நிற்கும்.

தமிழிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘ரசம் நல்லா இருக்கு’, ‘நல்லா சமைக்கிறா’ இரண்டுக்கும் ஒரே ‘நல்லா’. அதனால் ‘டேஸ்ட்ஸ் வெல்’ என்று எழுதிவிடுகிறார்கள். சமைப்பது செயல், அதற்கு வெல். ரசத்தின் குணத்துக்கு குட்.

இப்போது பலகையில் ‘லி மலாட்’ என்று எழுதி, இரண்டு சொல்லுக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுகிறேன். ஆங்கிலத்தில் இங்கே என்ன வரும்? இஸ் என்கிறாள் ஒருத்தி. வாஸ் என்கிறான் பக்கத்துப் பையன். லுக்ஸ், ஃபீல்ஸ் என்று பின்வரிசையிலிருந்து குரல் வருகிறது. பட்டியலில் பாதி அங்கேயே வந்துவிடும்.