நட்சத்திர அட்டையா, புளியங்கொட்டைப் புட்டியா, படவரிசையா?

இரவில் பல் துலக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நான்கு வயதுக் குழந்தைக்காகப் பெற்றோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள். நாளுக்கொரு கட்டம் வரைந்து நட்சத்திரம் ஒட்டும் அட்டை ஒன்று. செய்த செயலுக்குப் புளியங்கொட்டை போட்டு நிரப்பும் புட்டி மற்றொன்று. பரிசே இல்லாமல், சாப்பிடுவது முதல் உறங்குவது வரையிலான வேலைகளைப் படங்களாக வரிசையிட்டு ஒட்டும் தாள் மூன்றாவது.

நட்சத்திர அட்டைக்கு நெருங்கிய உறவான வில்லை முறையை, அதாவது செய்த செயலுக்கு வில்லை தந்து, சேர்ந்த வில்லைகளைப் பின்னர் பரிசாக மாற்றிக்கொள்ளவிடும் முறையை, 1960களில் அமெரிக்காவின் இலினாய் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் டியோடோரோ அய்லானும் நேதன் ஆஸ்ரினும் முறைப்படுத்தினர். செயல் முடிந்த கணமே கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைப்பதுதான் இரண்டிற்கும் அடிப்படை. நான்கு வயதுக்கு அடுத்த வாரம் என்பது எட்டாத தொலைவு. ஆகவே முப்பது நட்சத்திரம் சேர்ந்தால் சைக்கிள் என்பதைவிட, மூன்று சேர்ந்தால் அன்றைய கதையை நீயே தேர்ந்தெடுக்கலாம் என்பது நன்றாக வேலை செய்யும். 'நல்ல பிள்ளையாக இருத்தல்' போன்ற பொதுவான இலக்குகளை அட்டையில் எழுதுவதும், கோபத்தில் ஒட்டிய நட்சத்திரத்தைப் பிய்த்தெடுப்பதும் அதைத் தண்டனைப் பதிவேடாக மாற்றிவிடும்.

குழந்தையின் கையில் இல்லாத ஒன்றுக்கு நட்சத்திரம் வைப்பது இதைவிடப் பெரிய பிழை. படுக்கையில் சிறுநீர் கழிப்பது பற்றி மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கை நனையாத இரவுக்கு அல்லாமல், உறங்கும் முன் கழிப்பறைக்குச் செல்வது போன்ற ஒப்புக்கொண்ட செயல்களுக்கே வெகுமதி தரச் சொல்கிறது.

அட்டையைப் பற்றிய பெரிய ஐயம் 1973இல் எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில், படம் வரைவதை விரும்பிய குழந்தைகளுள் ஒரு குழுவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும். பின்னர் பரிசு ஏதுமில்லாத விளையாட்டு நேரத்தில் அக்குழுவினர் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. 1999இல் எட்வர்ட் டெசியும் உடனாய்வாளர்களும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கைப்பொருளாகத் தரும் பரிசின் இந்தப் பாதிப்பு கல்லூரி மாணவர்களைவிடச் சிறுவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது.

ஆனால் இந்தச் சரிவு ஏற்கெனவே பிடித்த செயல்களுக்கே உரியது. சலிப்பூட்டும் வேலைகளில் அது காணப்படவில்லை. எனவே பல் துலக்குவதற்கு அட்டை வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. குழந்தை தானாக எடுத்துப் புரட்டும் கதைப் புத்தகத்துக்குப் பக்கத்துக்கொரு ஸ்டிக்கர் என்று விலை வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

புட்டியில் வெற்றுக் கட்டம் இல்லை. நேற்றைய தோல்வி சுவரில் தொங்குவதில்லை. அக்காவும் தம்பியும் ஒரே புட்டியைச் சேர்ந்து நிரப்பினால் யாருக்கு அதிகம் என்ற சண்டையும் குறையும். எந்தக் கொட்டை எதற்காக விழுந்தது என்பது விரைவில் மறந்துபோவதுதான் குறை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புளியங்கொட்டை மூக்கிலோ தொண்டையிலோ சிக்கும் அபாயமும் உண்டு. அங்கே இந்த வழியே வேண்டாம்.

நான் முதலில் தேர்ந்தெடுப்பது படவரிசையைத்தான். "பல் துலக்கு" என்று அம்மா பத்து முறை சொல்வதற்குப் பதிலாக, "அடுத்த படம் என்ன?" என்று ஒருமுறை கேட்டால் போதும், கட்டளையிடுவது தாளாகிவிடுகிறது. பலன் மெதுவாகவே வரும், பெற்றோரும் அந்த வரிசையை நாள்தோறும் மாற்றாமல் காக்க வேண்டும். பிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக இடைநிலை மதிப்பாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. மூன்று வார நட்சத்திரங்கள் தொடக்கத் தயக்கத்தைப் போக்கலாம், ஆனால் அதன் பிறகும் நீடிக்கும் வரிசை ஒன்று வேண்டும்.

ஆகவே இரண்டு வாரம் படவரிசையை மட்டும் வைத்துப் பார்த்து, அப்போதும் பல் துலக்கும் படத்தில் மட்டும் குழந்தை முரண்டு பிடித்தால், அந்த ஒரு படத்துக்கு நட்சத்திரம் சேர்ப்பதே என் வழி. பழகியபின் நாளுக்கொன்றாக இருந்ததை இரண்டு நாளுக்கொன்றாக்கலாம். ஒரு நாள் குழந்தை நட்சத்திரம் கேட்க மறந்துவிட்டால் நாமும் நினைவூட்டாமல் இருந்துவிடலாம்.