அம்பாசிடர் பின் சஸ்பென்ஷன்: பழி ஷாக் அப்சார்பருக்கு, கோளாறு வேறு இடத்தில்

அம்பாசிடரில் பின்பக்கம் சத்தம் வருகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "ஷாக் அப்சார்பரை மாத்திடுங்க" என்பதுதான். மார்க் 4 டீசல் வண்டி ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி, பின் சஸ்பென்ஷனில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஷாக் அப்சார்பரைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரை அடிப்படையாக வைத்து உத்தர்பாராவில் செய்த கார் இது. பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் (அடுக்கடுக்காக வைத்த வளைந்த இரும்புப் பட்டைகள், லீஃப் ஸ்பிரிங்) பாரத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஹவுசிங்கை, அதாவது பின்சக்கர அச்சு இருக்கும் கூட்டை, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்து வைப்பதும் அதுதான். இன்ஜின் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வரும் முறுக்கை வாங்கிக்கொள்வதும் அதுதான். ஹவுசிங்கைப் பிடிக்கத் தனியாக ஆர்ம் எதுவும் கிடையாது. அதனால் பட்டைக் கட்டில் எங்காவது ஒரு இடம் தளர்ந்தால் அது குலுக்கலாகவும் தெரியலாம், சத்தமாகவும் தெரியலாம், ஸ்டீயரிங் இழுப்பாகவும் தெரியலாம்.

என் வண்டியில் முதலில் வந்தது சத்தம். முதல் கியரில் கிளட்சை விடும்போது பின்னால் 'டக்'. பிரேக் பிடித்தால் இன்னொரு 'டக்'. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள், சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் (இன்ஜின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) இருக்கும் யூ ஜாயின்ட் கிராஸை மாற்றினார்கள், அதற்கும் போகவில்லை. இதற்கிடையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் மறுபக்கம் இழுக்கும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஹவுசிங் இடம் மாறுகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அம்பாசிடரின் வீல்பேஸ் 2464 மில்லிமீட்டர். பழைய வண்டியில் அந்த எண் அச்சு அசலாக வர வேண்டியதில்லை, ஆனால் இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். என் வண்டியில் இடப்பக்கம் ஒரு விரல் அகலம் குறைந்தது.

பட்டைக் கட்டை ஹவுசிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றியதும் விஷயம் கண்முன்னே கிடந்தது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஹவுசிங் சீட்டில் உள்ள குழியில் உட்கார வேண்டும். போல்ட் தலைக்குக் கீழே துண்டாகியிருந்தது. தலை மட்டும் குழியிலேயே இருந்தது. அதைச் சுற்றி இரும்பு பிறை வடிவத்தில் தேய்ந்து, புது நாணயம் போலப் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் கறுப்பும் துருவும். கிளட்சை விடும்போது ஹவுசிங் முன்னால் போவதும், பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருவதுமாக அந்தப் பளபளப்பை உண்டாக்கியிருக்கிறது. யூ போல்ட் தளர்ந்ததுதான் மூலகாரணம். அது இறுக்கமாக இருந்தால் சென்டர் போல்ட் சுலபத்தில் அறுந்துபோகாது.

அடுத்த பெரிய தொல்லை சாய்வு. பின்னால் வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. உடனே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பட்டையை வளைத்துத் தரச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் அம்பாசிடரில் முன்னால் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கி ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புக் கம்பி. முன் இடப்பக்கத்து பார் உயரமாகச் செட் ஆகியிருந்தாலோ, வலப்பக்கம் தளர்ந்திருந்தாலோ பின்பக்கமும் சாய்ந்து தெரியும். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முன்பக்கத்தைச் சரியாக நடுவில் ஒரே ஜாக்கியில் தூக்குங்கள். இப்போது முன் ஸ்பிரிங்குகளுக்கு வண்டியின் சாய்வில் பங்கு இல்லை. பின்னால் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளங்கள். வித்தியாசம் அப்படியே இருந்தால் பட்டையில் கோளாறு, மறைந்துவிட்டால் முன்னால் தேட வேண்டும். ஜாக்கியில் நிற்கும்போது யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

என் வண்டியில் கோளாறு பட்டையில்தான். இரண்டாவது பட்டை யூ போல்ட் தகட்டுக்கு அடியில் உடைந்திருந்தது. வெளியே தெரிந்ததெல்லாம் பட்டைகளின் இடுக்கில் செம்பொடியாகக் கசிந்திருந்த துருக்கோடு ஒன்றுதான்.

கீச் சத்தத்துக்குத் தண்ணீர் பாட்டில் போதும். முதலில் ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) புஷ்ஷில் மட்டும் ஊற்றி வண்டியை அமுக்கிப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் அங்கேதான். அடங்காவிட்டால் அப்புறம் பட்டைகளின் நுனியில் ஊற்றுங்கள். பழைய இன்ஜின் ஆயிலைப் பட்டை முழுக்க அடிக்கும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சத்தம் அடங்கும், கூடவே ரப்பர் புஷ் ஊறிக் கெட்டுப்போகும். பட்டையைப் பிரிக்கும்போது கிராஃபைட் கிரீஸ் தடவினால் நெடுநாள் வருகிறது.

சரி, ஷாக் அப்சார்பரை எப்படித்தான் சோதிப்பது? டிக்கியை அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பதைப் பட்டை ஸ்பிரிங் வண்டியில் நம்ப முடியாது. துருப்பிடித்த பட்டைகளின் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும், செத்துப்போன ஷாக் அப்சார்பரும் நன்றாக இருப்பதுபோல் தெரியும். கீழ்முனையைக் கழற்றிக் கையால் இழுத்து அமுக்கிப் பார்ப்பதே சரி. இழுக்கும்போது எதிர்ப்பு சீராக, அமுக்குவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது சட்டென்று லேசானால் மாற்ற வேண்டியதுதான். பழைய லீவர் ஆர்ம் வகை (குழாய்போல் இல்லாமல் ஒரு கையால் இயங்குவது) என்றால் லிங்கைக் கழற்றி ஆர்மை ஆட்டிப் பாருங்கள், முதலில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டாக்ஸிக்காரர்கள் சிலர் போடும் எக்ஸ்ட்ரா பட்டையை நான் எடுத்துவிட்டேன். வண்டி நிறைய ஆள் இல்லாமல் போனால் குலுக்கலில் பின்சீட்டில் உட்கார முடியாது. பின்பக்கம் தூக்கி நிற்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறி அதிர்வு வருகிறது. நல்ல பட்டைக் கட்டு குடும்பத்தையும் லக்கேஜையும் தாராளமாகத் தாங்கும்.

வேலை முடிந்து மாட்டும்போது ஒன்றை மட்டும் நின்று கவனியுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே விடாதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்தபிறகே கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புதுப் பட்டை போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்குவது கட்டாயம்.

2014-ல் உற்பத்தி நின்றபிறகும் சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் தேடினால் புஷ், ஷேக்கிள், யூ போல்ட் கிடைக்கின்றன. பட்டையை எந்த நல்ல பட்டறையிலும் செய்துகொள்ளலாம். ஆனால் பாடியில் பட்டை மாட்டும் இடம் துருப்பிடித்துவிட்டால் கடையில் வாங்க எதுவும் இல்லை, தகடு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்குகிறது. பழைய அம்பாசிடர் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பின்சீட்டுக்கு அடியில் பட்டையின் முன்கண் (முன்முனை வளையம்) மாட்டும் இடத்தையும், டிக்கிக்கு அடியில் ஷேக்கிள் மாட்டும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலை பேச வேண்டாம்.