இமோஜியா, ஸ்டிக்கரா?

வாட்ஸ்அப்பில் எதைத் தட்டுவது என்று தங்கை கேட்டாள்.

எடை: இமோஜி ஒரு எழுத்துதான்; பெரும்பாலும் 4 பைட். ஸ்டிக்கர் படம், அசையாததே 100 கேபி வரை போகலாம்.

தோற்றம்: ஸ்டிக்கர் எந்த போனிலும் ஒரே மாதிரி. இமோஜியை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வரையும். பழைய போனில் புது இமோஜி வெறும் கட்டமாக வந்து நிற்கும்.

பொருள்: இங்கேதான் சிக்கல். கூப்பிய கை நமக்கு வணக்கம், ஜப்பானியருக்கு நன்றி, சிலருக்குப் பிரார்த்தனை. எங்கள் பெரியப்பா பிறந்தநாளுக்கும் இரங்கலுக்கும் அதையே போடுவார். யாரும் தப்பாக எடுத்ததில்லை. வடிவேலு ஸ்டிக்கர் வந்தாலோ நமக்கு வசனமே காதில் கேட்கும். டோக்கியோ நண்பருக்கு? யாரோ ஒருவர் முழிக்கிறார், அவ்வளவுதான்.

வெளிநாட்டவர், அலுவலகம் என்றால் இமோஜி. நம்ம ஆட்களோடு அரட்டை என்றால் ஸ்டிக்கர். துக்க வீட்டுக்கு இரண்டும் வேண்டாம், போன் போடு என்றேன்.